நாலு குதிரை, மூணு ஏக்கர்: முதல் டிராக்டரை எப்படி எடுப்பது

எச்பி எத்தனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே ஷோரூமுக்குள் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன், முன்பணமும் கொடுத்தேன், அப்புறம் அதைத் திரும்ப வாங்க ரெண்டு மாதம் அலைந்தேன்.

எங்கள் இடம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. கேரளத்து மண், வீட்டில் தமிழ், சாமான் வாங்குவதெல்லாம் பொள்ளாச்சியில். 3 ஏக்கரில் பாதி தென்னை, மீதியில் லாயம், தீவனப்புல், 20-க்கு 40 மீட்டரில் ஒரு சவாரிக் களம். குதிரை நாலு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் பிடித்த கத்தியவாரி ரெண்டு, மட்டக்குதிரை ரெண்டு. மாடு வைத்திருப்பவர் டிராக்டர் பற்றிக் கேட்டால் ஊரே யோசனை சொல்லும். குதிரை என்றால் சிரித்துவிட்டுப் போகிறார்கள். வண்டி ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். லைசென்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: காலி எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத டிராக்டர் சட்டப்படி எல்எம்வி, அதாவது இலகு ரக வாகனம்தான்.

1. குதிரை லத்தியை எடை போடுங்கள்

350 கிலோ இருக்கும் ஒரு கத்தியவாரி, மூத்திரமும் சேர்த்து ஒரு நாளைக்குப் 15 முதல் 18 கிலோ போடும். நாங்கள் லாயத்தில் பரப்புவது தென்னை நார்க்கழிவு, அதில் நனைந்ததையும் சேர்த்து அள்ளினால் பெரிய குதிரைக்கு 25 கிலோவைத் தாண்டும். மட்டக்குதிரைகளுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் நாலுக்கும் சேர்த்து மாதம் இரண்டரை முதல் மூணு டன். தள்ளுவண்டியில் இதைத் தள்ளித் தள்ளி என் முதுகு போனதால்தான் டிராக்டர் யோசனையே வந்தது.

ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். லத்தி அள்ளுவது தினமும். களத்தைச் சமப்படுத்துவது வாரம் மூணு தடவை. புல் ஏற்றுவது ஒருநாள் விட்டு ஒருநாள். உழவு? வருஷத்துக்கு ரெண்டே தடவை. என் மச்சானோ, "42 எச்பிக்குக் கீழே எடுத்தா டிராக்டரே இல்லீங்க மாமா, உழும்போது மூச்சு முட்டும்" என்று ஒரே பிடி. வருஷத்துக்கு ரெண்டு நாள் உழவுக்காக மீதி நாளெல்லாம் பெரிய வண்டியைக் கட்டி மேய்க்க முடியாது. உழவுக்கு மட்டும் வாடகை வண்டியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறை வண்டியையே உழவன் செயலியில் மணிக்கணக்கில் பதிவு செய்யலாம்.

2. கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடங்கள்

நான் சறுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மச்சான் சொன்ன அந்தப் பெரிய வண்டியை டெமோவுக்குக் கொண்டு வந்தார்கள், முன்பணம் கொடுத்த பிறகு. பெரிய கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கேட்டை அளந்துதானே வைத்திருந்தேன், 9 அடி. ஆனால் லாயத்துக்குப் பக்கத்துச் சந்து 6 அடி, அதன் முடிவில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியை ஒட்டி வலது பக்கம் திரும்பினால்தான் எருக்குழி. வண்டி சந்துக்குள் மூக்கை விட்டது, பின் சக்கரம் சுவரை உரசியது, புகைக்குழாய் தகரக் கூரையின் விளிம்பில் போய் இடித்தது. டிரைவர் இறங்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

கேட்டை மட்டும் அளந்தால் போதாது, திருப்பத்தையும் உயரத்தையும் அளக்க வேண்டும். அதைத் தாளில் போட்டுப் பார்த்தால் புரிவதில்லை. வீட்டுக் கயிற்றுக் கட்டில் 6 அடிக்கு மூணரை அடி, கிட்டத்தட்ட ஒரு மினி டிராக்டரின் அகலம். அதன் பின்னால் 4 அடிக்கு ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டினேன், அது ரோட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறுகிற கருவி) அல்லது லத்திப் பெட்டி என்று கணக்கு. தம்பி முன்னால், நான் பின்னால், கட்டிலைத் தூக்கிக்கொண்டு லாயத்திலிருந்து குழி வரைக்கும், குழியிலிருந்து களம் வரைக்கும் நடந்தோம். டிராக்டர் பக்கவாட்டில் நகராது, அதனால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைப் பின்தொடர்ந்துதான் நடக்க வேண்டும், குறுக்கே எட்டு வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்துச் சேட்டன்மார் எல்லாம் வேலியோரம் வந்து நின்று எந்தச் சடங்கு இது என்று கேட்டார்கள், கேட்கட்டும். தொட்டிக்குப் பக்கத்தில் கட்டில் திரும்பியது, மூங்கில் திரும்பவில்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது, தொட்டியை 2 அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்று.

உயரத்துக்கு இன்னொரு மூங்கில். வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றுகிற இரும்பு வளைவு ஓட்டுபவர் தலைக்கு மேலே நிற்கும். மடிக்கக்கூடியதா என்று பாருங்கள். கூரை இடிக்கிறது என்று சிலர் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள், அது மட்டும் வேண்டாம். நிமிர்ந்த புகைக்குழாயும் எனக்குப் பிடிக்காது. லாயத்துக்குள் புகை அடைத்துக் குதிரைகள் இருமும், மேலே வைக்கோல் வேறு. பக்கவாட்டில் கீழே புகை போகிற மாடலாக இருந்தால் நல்லது.

3. எச்பி, இழுவை, தூக்கும் திறன்

இப்போது எச்பிக்கு வரலாம். 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவதுதான் 1 மெட்ரிக் எச்பி, அதாவது ஒரு குதிரைத்திறன். நிஜக் குதிரை கொஞ்ச நேரம் தம் பிடித்து இழுத்தால் அதைப் பல மடங்கு தாண்டும் என்பது குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நாலு குதிரை வைத்துக்கொண்டு 24 குதிரைக்குக் கடன் வாங்குகிறானே என்று என் பெரியப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் மாதிரி இடத்துக்கு 21 முதல் 28 எச்பி போதும், நாலு சக்கர இழுவை கட்டாயம். குபோட்டா நியோஸ்டார் பி2441, மகிந்திரா ஜீவோ 245 ரெண்டும் 24 எச்பி, நாலு சக்கர இழுவை. எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் வருகிற மெக்கானிக் எதைப் பிரிப்பாரோ அதை எடுங்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் கேரளத்தில் வேறெங்கும் அதிகம் பார்க்க முடியாத கரிசல் மண். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சோப்பு. ரெண்டு சக்கர இழுவை வண்டி மழை நாளில் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும்.

கவனிக்க வேண்டிய எண் பின் லிஃப்ட், அதாவது கருவியை மாட்டித் தூக்குகிற பின்பக்கக் கைகள், தூக்கும் எடை. இந்த வகுப்பில் 750 கிலோ என்று அச்சடித்திருப்பார்கள். அது கீழ்க்கைகளின் நுனியில் அளந்தது. பெட்டி அதற்குப் பின்னால் 2 அடி தள்ளித் தொங்கும்போது அவ்வளவு தூக்காது. நான் ஈர லத்தியை விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொண்டு எருக்குழி மேட்டில் ஏறினேன். ஸ்டீயரிங் திடீரென்று வெண்ணெய் மாதிரி லேசாகிவிட்டது. குனிந்து பார்த்தால் முன் சக்கரம் ரெண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும். அப்படியே பின்னால் இறக்கி நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாளே பொள்ளாச்சி போய் முன்பக்கத்துக்கு எடைக்கட்டி வாங்கி மாட்டினேன். வண்டி எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள், பேரத்தில் சும்மாகூடக் கொடுப்பார்கள்.

(குழி ஏன் அவ்வளவு தூரத்தில் என்றால், பச்சை லத்தியை மேய்ச்சலில் போட்டால் புழு முட்டை திரும்பக் குதிரை வயிற்றுக்கே போகும். குவித்து, கிளறி, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேற விட்டு, மக்கிய பிறகு தென்னைக்குப் போடுங்கள்.)

4. பின்னால் மாட்டுவது

முதலில் ஒரு பெட்டி, இரண்டாவது ஒரு லெவலர் பிளேடு. ரோட்டவேட்டரை டீலர் எப்படியாவது தலையில் கட்டப் பார்ப்பார். ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாங்கினால் எஞ்சின் எச்பியை வைத்து அளவு சொல்ல விடாதீர்கள், பிடிஓவில் (எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கிற தண்டு) எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள், அது எப்போதும் குறைச்சல்தான்.

களத்துக்கு நான் எதுவும் வாங்கவில்லை. பழைய இரும்புக் கேட் ஒன்றின் மேல் ரெண்டு லாரி டயரைக் கட்டிச் சங்கிலியில் இழுக்கிறேன். வயலில் பரம்படிப்பதுதான், மாட்டுக்குப் பதில் வண்டி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வாரி அடிக்கும்போது களத்து மணல் முழுக்கக் கிழக்கு வேலியோரம் போய்க் குவியும், அப்போது மட்டும் பிளேடு. மழை பெய்த அன்று வண்டியைக் களத்தில் இறக்காதீர்கள். டயர்ப் பல் விட்ட தடம் காய்ந்து கல்லானால் குதிரைக்குக் கால் சுளுக்கும். ஆணி, கம்பித்துண்டு விழுந்திருக்கிறதா என்றும் ஒரு நடை பாருங்கள், குதிரைக்கு ரணஜன்னி சுலபமாக வரும்.

பிடிஓ சுழலும்போது வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் கூடாது. எனக்குக் கால்சட்டை பிடிக்காது, ஆனாலும் போடுகிறேன்.

5. புதுசா, பழசா

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வண்டி விற்பவர் அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துப் பேசினால் அதைச் சொல்லிக் குறையுங்கள். மானியம் எதிர்பார்ப்பவர்கள், மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை என்று கேட்டுவிட்டு உடனே ஓடிப் போய் வண்டி எடுத்துவிடாதீர்கள். விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும், பழைய வண்டிக்குக் கிடையாது.

நான் பழசுதான் எடுத்தேன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீலப் புகை வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பின்னால் கனமான எதையாவது மாட்டி, தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் மடமடவென்று இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் செலவு காத்திருக்கிறது.

6. குதிரைக்கு அறிமுகம்

வண்டி வந்த அன்றைக்கே ஓட்டிக் காட்டாதீர்கள். மூணு நாள் அணைத்தபடி தொட்டிப் பக்கம் நிறுத்தினேன். முதல் நாள் செவலைக் குதிரை தண்ணீர் குடிக்கவே வரவில்லை, ரெண்டு காது நுனியும் ஒன்றோடொன்று ஒட்ட, மூக்கை விடைத்துக்கொண்டு தூரத்திலேயே நின்றாள். மூணாம் நாள் பம்பரை நக்கினாள். அப்புறம் தூரத்தில் எஞ்சின் ஓடட்டும். அடுத்து தம்பி வண்டியை மெதுவாக எங்களுக்கு முன்னால் ஓட்டிப் போக, நான் அவளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். விலகிப் போகிற பொருளைக் கண்டு குதிரை அவ்வளவாக மிரளாது, எதிரே வருவதுதான் பயம். அது கடைசியில்.

பிற்சேர்க்கை: எல்லை தாண்டி வாங்கிய வண்டி பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பொள்ளாச்சிப் பதிவான டிஎன் 41 வண்டியைச் சித்தூர்ப் பதிவான கேஎல் 70 ஆக்கப் பழைய ஆர்டிஓவில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் முதலில் படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும், முழுப் பணமும் கொடுப்பதற்கு முன்னால் விற்பவரைக் கொண்டே செய்துவிடுங்கள். டிரெய்லர் இருந்தால் அதற்குத் தனி ஆர்சி, அதையும் கேட்டு வாங்குங்கள். நான் மறந்துவிட்டு இன்னொரு தடவை பொள்ளாச்சிக்குப் போனேன்.

இன்னொன்று: கேட்டே மூணரை அடிதான், என்ன செய்வது என்று கோபாலபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வண்டியைச் சுருக்க முடியாதுங்க, தூணைத் தள்ளி நடுங்கள். நடுவதற்கு முன்னால் ரோட்டவேட்டரைச் செயின் கவரோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள், கடைக்காரர் சொல்லும் 4 அடி உள்ளே கத்தி சுழலும் அகலம் மட்டும்தான்.