வியூஃபைண்டர் மேக்னிஃபையர்: நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் ஒரு தம்பி கேமராவை என் கைல கொடுத்து "அண்ணே, ஃபோகஸும் விழ மாட்டேங்குது, ஃப்ரேமிங்கும் தப்பா வருது, கொஞ்சம் பாருங்க"ன்னான். லைக்கா எம்6 (ரெண்டு பிம்பத்தை ஒண்ணா சேத்து ஃபோகஸ் பண்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா), 0.72 ஃபைண்டர் (காட்சியை நிஜ அளவுல 0.72 மடங்காக் காட்டுறது), முன்னாடி 35 மிமீ லென்ஸ், பின்னாடி கண்ணு வைக்கிற ஐபீஸ்ல ஃபைண்டர் காட்சியைப் பெருசாக்குற புத்தம்புது 1.4 மடங்கு மேக்னிஃபையர். கண்ணை வச்சுப் பாத்த உடனே சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் இருந்த அதே கோலம். அதான் எழுதுறேன்.

லென்ஸ் மூடியைக் கழட்டாம ஒரு ரோல் முழுக்க எடுக்கிறது, ஃபிலிம் சரியா மாட்டாம 40 படம் எடுத்துட்டோம்னு சந்தோஷப்படுறது, இதெல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குற எல்லாரும் பண்றது, ஒரு தடவை பட்டா தானா திருந்திடுவீங்க. இங்க மேக்னிஃபையர் சமாச்சாரம் மட்டும்.

35 மிமீ லென்ஸுக்கு 1.4 மாட்டுறது

தம்பியோட பிரச்சனை இதுலதான் ஆரம்பம். எம்6ல 35 மாட்டினா ஃபைண்டர்ல 35, 135 ரெண்டு ஃப்ரேம்லைனும் (அந்தந்த லென்ஸ்ல படத்துல எவ்ளோ வரும்னு காட்டுற கோடு) சேந்து எரியும். 1.4 மேக்னிஃபையர் போட்டா 35 மிமீ கோடு ஓரத்துக்கு வெளில போயிரும், கண்ணுல படவே படாது, நடுவுல சின்னதா இருக்குற 135 மட்டும் பளிச்சுன்னு தெரியும். தம்பி அதைத்தான் 35ன்னு நம்பி ரெண்டு வாரமா ஃப்ரேம் பண்ணிட்டு, பிரிண்ட்ல ஆளு எறும்பு மாதிரி வர்றான்னு லென்ஸைத் திட்டிட்டு இருந்தான்.

கணக்கு சிம்பிள். மேக்னிஃபையர்ல 1.25 மடங்கும் உண்டு, 0.72ஐ அதால பெருக்கினா 0.9, கிட்டத்தட்ட 1954ல வந்த எம்3யோட ஃபைண்டர் மாதிரி ஆயிரும் (அது 0.91), 50 மிமீக்கு சொகுசா இருக்கும். 1.4ஆல பெருக்கினா ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுட்டு பாக்கலாம், ஆனா 50 மிமீ கோடே ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், நிம்மதியா வேலை செய்றது 75, 90, 135க்குத்தான். கண்ணாடி போடுறவங்க இதுலயும் ஒரு படி கழிச்சுக்கோங்க, கண்ணு ஐபீஸை விட்டுத் தள்ளி நிக்கிறதால ஓரம் இன்னும் சீக்கிரமா மறைஞ்சிடும்.

எம்3க்கு 1.4 எதுக்கு?

அதுலயே 50 கோடு ஃபைண்டர் முழுக்க இருக்கு. 135தான் உங்க பொழப்புன்னா மட்டும் யோசிங்க.

கேமராவே தப்பா இருக்கும்போது மேக்னிஃபையர் வாங்குறது

இதைப் பத்தி பேசினா எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வரும், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

செகண்ட்ஹேண்ட்ல ஒரு 90 மிமீ எஃப் 2 லென்ஸ் வாங்கினேன். போர்ட்ரெய்ட் எடுக்கணும்னு ஆசை. ஒன்றரை மீட்டர்ல நண்பனை உக்கார வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல, வைட் ஓபன்ல (அப்பர்ச்சரை முழுசா திறந்து) வச்சு, பேட்ச்ல (ஃபைண்டர் நடுவுல இருக்குற சின்னக் கட்டம்) கண்ணிமையோட ரெண்டு பிம்பமும் ஒண்ணா சேர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு ஃபோகஸ் பண்ணி எடுத்தேன். ரோல் கழுவி வந்ததைப் பாத்தா கண்ணு பஞ்சு மாதிரி, காதுக்கு முன்னாடி கிருதா முடி ஒவ்வொண்ணும் எண்ணுற அளவுக்கு ஷார்ப். அந்த லென்ஸ்ல அந்த தூரத்துல ஃபோகஸ்ல நிக்கிற ஆழம் மொத்தமே சுமாரா 3 சென்டிமீட்டர், எனக்கு விழுந்தது கண்ணுக்கு ஆறேழு சென்டிமீட்டர் பின்னாடி.

நான் என்ன நினைச்சேன்? என் கண்ணு சரியில்ல. கேமராவை ஒரு ரிப்பேர்காரர்கிட்ட காட்டினேன், அவர் ஃபைண்டர்ல ரெண்டு செகண்ட் பாத்துட்டு "பேட்ச் நல்லா கிளியரா இருக்கே சார், 90க்கு எல்லாருக்கும் கஷ்டம்தான், மேக்னிஃபையர் போட்டுக்கோங்க சரியாயிரும்"னுட்டார். அவர் சொன்னதை வேத வாக்கா எடுத்துட்டு 1.25 வாங்கினேன், இன்னொரு ரோல், மறுபடியும் கிருதா. பத்தலைன்னு 1.4 வாங்கினேன், இன்னும் ரெண்டு ரோல், அதே கிருதா, இப்ப முன்னைவிட அழகா, ஒரு படம் கூட தப்பாம அதே இடத்துல. அதுதான் எனக்கு உறைச்சிருக்க வேண்டிய இடம், உறைக்கல. ரெண்டு மேக்னிஃபையர் காசு, நாலு ரோல், நண்பனோட பொறுமை எல்லாம் போச்சு.

விஷயம் என்னன்னா, மேக்னிஃபையர் உதவி பண்றது உங்க கண்ணுக்கு மட்டும்தான். எம்6ல ரேஞ்ச்ஃபைண்டரோட ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல 69.25 மிமீ, 0.72ஆல பெருக்கினா சுமார் 50 மிமீ, இதைத்தான் எஃபெக்டிவ் பேஸ்னு சொல்றாங்க. 1.4 போட்டா அது 70 மிமீ கிட்ட வரும், அதாவது ரெண்டு பிம்பமும் துளி விலகி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஆனா லென்ஸ் பின்னாடி இருக்குற கேம் (ஃபோகஸ் ரிங் திரும்பும்போது முன்னப்பின்ன நகர்ற உலோக வளையம்), அதை உரசிட்டுப் போற ரோலர், ரோலர் மாட்டியிருக்குற கை, இது எதையும் மேக்னிஃபையர் தொடாது. அங்க கோளாறு இருந்தா நீங்க தப்பான இடத்தை இன்னும் துல்லியமாப் பிடிப்பீங்க, அவ்ளோதான். அஞ்சு நிமிஷம் ஸ்லோவா ஓடுற கடிகாரத்தை பூதக்கண்ணாடி வச்சுப் பாத்த மாதிரி.

அப்போ கோளாறு கண்ணுலயா மெஷின்லயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு சாயங்காலம் போதும். ட்ரைபாட்ல கேமராவை வைங்க, மேக்னிஃபையர் வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளி ஒரு ஸ்கேலை சாய்ச்சு நிறுத்துங்க, நடுவுல ஒரு கோட்டுக்குப் பக்கத்துல நேரா நிக்கிற மாதிரி ஒரு தீப்பெட்டியோ எதோ வைங்க, அதோட ஓரத்துலதான் ஃபோகஸ். அப்பர்ச்சர் முழுசா திறந்து பத்து படம். ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் ரிங்கைக் கலைச்சுட்டு புதுசாப் பண்ணணும், அஞ்சு தடவை இன்ஃபினிட்டி பக்கத்துல இருந்து வாங்க, அஞ்சு தடவை கிட்டக்க இருந்து. டிஜிட்டல் எம்மா இருந்தா உடனே பெருசு பண்ணிப் பாத்துடலாம், ஃபிலிம்னா ஒரு ரோலைத் தியாகம் பண்ணுங்க, ரெண்டு மேக்னிஃபையரைவிட மலிவு.

பத்தும் ஸ்கேல்ல முன்னப்பின்ன சிதறி விழுந்திருந்தா அது உங்க கண்ணு, இல்லன்னா கை. மேக்னிஃபையரால நிஜமாவே பிரயோஜனம் உண்டு. பத்தும் ஒரே பக்கத்துல, கிட்டத்தட்ட ஒரே அளவு தள்ளி விழுந்திருந்தா உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, மெஷின்தான் தப்பு. இன்ஃபினிட்டில இருந்து வந்த அஞ்சு ஒரு பக்கமும் கிட்டக்க இருந்து வந்த அஞ்சு இன்னொரு பக்கமும் கூடியிருந்தா ஹெலிகாய்டுலயோ (ஃபோகஸ் பண்ணும்போது லென்ஸை முன்னப்பின்ன நகத்துற திருகு) ரோலர்லயோ எங்கயோ ஆட்டம் இருக்குன்னு சந்தேகப்படுங்க. அப்புறம் இன்னொரு லென்ஸ் மாட்டி திரும்பப் பண்ணுங்க. ரெண்டு லென்ஸும் ஒரே பக்கம் தப்பினா பாடி, ஒண்ணு மட்டும் தப்பினா அந்த லென்ஸ்.

நான் இதைக் கடைசியாப் பண்ணினப்ப பத்தும் பின்னாடி. 50 மிமீ மாட்டிப் பாத்தா அதுவும் பின்னாடி. ஆனா அந்த 50ல வருஷக்கணக்கா எடுத்துட்டு இருக்கேனே, தெரியலையேன்னா, நான் எடுத்ததெல்லாம் எஃப் 5.6, எஃப் 8. ஒன்றரை மீட்டர்ல 50 மிமீ எஃப் 5.6க்கு கிட்டத்தட்ட ஒரு அடி ஆழம் கிடைக்கும், எல்லா பாவத்தையும் அது மூடி மறைச்சிருந்தது.

தூரத்து டவரையோ நிலாவையோ பாத்து இன்ஃபினிட்டில பேட்ச் சேருது, அதனால சரியா இருக்குன்னு சிலர் சொல்லுவாங்க. அது பாதி டெஸ்ட்தான். எம் பாடில தூரத்துக்கு ரோலர்ல ஒரு அட்ஜஸ்ட்மென்ட், கிட்டக்க தூரத்துக்கு கையோட நீளத்துல தனியா ஒண்ணு. முதலாவது சரியா இருந்து ரெண்டாவது தப்பா இருக்கலாம், என்னோடது அப்படித்தான் இருந்தது. ஸ்க்ரூட்ரைவரை எடுத்து நீங்களே குடையாதீங்க, தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க, கொடுக்கும்போது அந்தப் பத்துப் படத்தையும் சேத்துக் கொடுங்க, அப்பதான் "பேட்ச் கிளியரா இருக்கே"ன்னு ரெண்டு செகண்ட்ல திருப்பி அனுப்ப மாட்டாங்க.

இதுல ஒரு கிளைக்கதை. சோனார் மாதிரி பழைய டிசைன் ஃபாஸ்ட் லென்ஸ்கள்ல அப்பர்ச்சரை மூட மூட ஃபோகஸ் பின்னாடி நகரும். எஃப் 1.5ல சரியா விழுந்து எஃப் 2.8ல பின்னாடி போச்சுன்னா அது லென்ஸோட சுபாவம், அதுக்கும் மேக்னிஃபையர் மருந்து இல்ல.

கண்ணு பவரை மறந்துட்டு உருவத்தை மட்டும் பெருசு பண்றது

எம் ஃபைண்டரோட பவர் மைனஸ் 0.5. அதாவது ஃபைண்டர்ல தெரியுற காட்சி ரெண்டு மீட்டர் தள்ளி இருக்குற மாதிரி. உங்க கண்ணுக்கு அந்த ரெண்டு மீட்டர் தெளிவா இல்லன்னா மேக்னிஃபையர் மங்கலைத்தான் பெருசாக்கும். லைக்காவோட 1.25, 1.4ல தனியா பவர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, உங்க பவருக்கு ஏத்த கரெக்‌ஷன் லென்ஸை அதோட பின்னாடி திருகிக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை: தூரத்துல பாக்க நீங்க போடுற கண்ணாடியைப் போட்டும் போடாமலும் ஃப்ரேம்லைன் ஓரத்தைப் பாருங்க, கோடு எதுல கத்தி மாதிரி தெரியுதோ அதுதான் பதில்.

சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசம்) இருக்கிறவங்களுக்கு இன்னொரு தொல்லை, கரெக்‌ஷன் லென்ஸ் அதைத் திருத்தாது. கேமராவை படுக்க வச்சுப் பாக்கும்போது ஒரு செங்குத்துக் கோடு ரெட்டையாத் தெரிஞ்சு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சா தெளிவானா அது சிலிண்டர். கண்ணாடியோடவே பாருங்க, ஐபீஸ் வளையத்துல ரப்பர் இல்லன்னா கண்ணாடில கீறல் விழும், அதையும் பாத்துக்கோங்க.

படம் பெருசா வரும்னு நினைக்கிறது

வராது. லென்ஸ் அதேதான்.

ஃப்ரேம்லைன் துல்லியமாயிரும்னு நினைக்கிறது

ஆகாது. ஃப்ரேம்லைன் கிட்டக்க தூரத்துக்கு அளவெடுத்து வச்சது, தூரத்துல இருக்கிறதை எடுத்தா கோட்டுக்கு வெளில இருக்கிறதும் படத்துல வரும். மேக்னிஃபையர்ல கோடும் காட்சியும் சேந்தே பெருசாகுது, உறவு மாறாது.

திருகு

விரல் பலம் போதும். குறுக்கே ஏறினா ஐபீஸ் மரை போச்சு. கூட வர்ற சின்னச் சங்கிலியை ஸ்ட்ராப் வளையத்துல மாட்டுங்க, அது அலங்காரம் இல்ல. என் 1.25 எங்க கழண்டு விழுந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

எப்பவும் மாட்டியே வச்சிருக்கிறது

பேட்ச் கொஞ்சம் இருட்டும், கண்ணு நடுவுல இல்லன்னா வெளுத்தும் போகும். சாயங்காலம் 35ஐ மாட்டிட்டு வெளில போறப்ப கழட்டி பைல போடுங்க.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். என் கதையைச் சொன்னதும் அவன் கேமராவும் பாடி கோளாறுதான்னு நான் சத்தியமே பண்ணிட்டேன். வீட்டுக்குப் போய் 50 மாட்டி பத்துப் படம் எடுத்து அனுப்பினான். பத்தும் ஸ்கேல்ல ஆளுக்கொரு பக்கமாச் சிதறிக் கிடந்துச்சு. கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தான், வலது கண்ணுல மைனஸ் 1.25, இது வரைக்கும் கண்ணாடியே போட்டதில்லையாம்.