திருகோணமலையில கைவினைச் சந்தைக்குக் கடை போடப் போறீங்களா, முதல்ல காத்தைப் பாருங்க

நான் விக்கிறது பனையோலைச் சாமான், பெட்டி, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, சின்னக் கைப்பை இதுகள்தான், நீங்க சோப்பு செஞ்சாலும் மாலை கோத்தாலும் கடை போடுற வேலை ஒண்டுதான். முதல் தரம் டச் பே கரையில மேசை போட்டு துணி விரிச்சு எல்லாத்தையும் வடிவா அடுக்கிட்டு நிமிர்றன், தென்மேற்கால வாற கச்சான் காத்து ஒரு அடி அடிச்சுது பாருங்க, பெட்டி முழுக்க கடலைப் பாத்து உருளுது, நானும் பக்கத்துக் கடை அக்காவும் பின்னால ஓடுறம்.

அதால முதல் காசை அலங்காரத்துக்குப் போடாதீங்க, பாரத்துக்குப் போடுங்க. உரபேக்கில மணல் நிரப்பி கூடாரத்திட நாலு காலிலயும் இறுக்கிக் கட்டுங்க, மணல் இல்லாத சீமெந்துத் தரையெண்டா தண்ணிக் கேன், ஆனா அஞ்சு லீட்டர் கேன் ஒண்டு அஞ்சு கிலோதான், காலுக்கு ஒண்டு காணாது. மேசைத் துணிக்கு உடுப்புக் காயப்போடுற கிளிப் போதும், பெட்டிகளுக்குள்ள ஆளுக்கொரு கூழாங்கல்.

போக முதல் வீட்டு முத்தத்தில ஒருக்கா முழுசா போட்டுப் பாருங்க, உங்களுக்குத் தாற இடம் ஆறடியெண்டா ஆறடிக்குக் கயிறு பிடிச்சு அதுக்குள்ளயே அடுக்கி போனில படம் எடுத்து வச்சா அடுத்த நாள் விடிய தலை சுத்தாது. எல்லாத்தையும் மேசையில தட்டையா பரப்பினா நடந்து போற சனத்துக்கு ஒண்டும் தெரியாது, பழப்பெட்டி ரெண்டைக் கவிட்டு துணியால மூடி படி மாதிரி உயத்துங்க. சாயம் போட்ட ஓலை வெயில்ல வெளிறிப் போகும், அதை நிழல் பக்கம் வைங்க. மே தொடக்கம் செப்டம்பர் மட்டும்தான் இஞ்ச வெளியாட்கள் கனக்க வாற சீசன், மாரியில மிஞ்சின ஓலைச் சாமான் பூஞ்சணம் பிடிக்கும், காய விட்டுத்தான் மூடி வைக்கோணும்.

விலையைத் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டிலயும் எழுதுங்க, எழுதாட்டி பாதிப்பேர் கேக்க வெக்கப்பட்டே போயிடுவினம். மட்டையில எழுதி நூலால கட்டுங்க, கோட்டைப் பக்கம் ஒரு புள்ளிமான் வந்து என்ட விலைச்சீட்டை சப்பித் திண்டுட்டு போனது, அண்டைக்கு முழுக்க வாயால விலை சொல்லித் தொண்டை கட்டிட்டு. விலையை அம்பதால முடியிற மாதிரி வச்சா மாத்தின காசுப் பிரச்சினை குறையும், எண்டாலும் முதல் நாளே நூறு, அம்பது தாளா மாத்தி இடுப்புப் பையில போடுங்க, காலமையே ஐயாயிரம் தாளோட ஒராள் வருவார். போனால காசு கட்டுற லங்கா கியூஆர் ஸ்டிக்கர் இருந்தா நல்லம், ஆனா சனம் நிறைஞ்சா சிக்னல் படுத்துடும், அதை மட்டும் நம்பாதீங்க.

கதிரையில இருந்து போன் நோண்டுற கடையில ஆரும் நிக்க மாட்டினம். நான் பாதி இழைச்ச பெட்டி ஒண்டை எப்பவும் மடியில வச்சிருப்பன், ஈரத்துணியில சுத்தின ஓலையை எடுத்து கிழிக்கிற அந்தச் சர்ர்ர் சத்தத்துக்கே சின்னப்பிள்ளையள் வந்து நிக்கும், பிள்ளை நிண்டா தாயும் நிப்பா, கையில எடுத்துப் பாப்பா. விலை குறைக்கச் சொல்லிக் கேட்டா நான் குறைக்கிறேல்ல, அண்டைக்கு மடியில இழைச்ச குட்டிக் கிலுகிலுப்பை ஒண்டைப் பிள்ளைட கையில குடுத்துடுவன்.