ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன் அறக்கணக்குப் போடுவது எப்படி

திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கண்மாய்களின் கீழ் நிலம் வைத்திருப்பவர்கள், கிணறு வற்றியதும் முதலில் கேட்பது எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல நீரோட்டம் பார்ப்பவரும் ரிக் வண்டிக்காரரும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் நமக்கு எவ்வளவு பங்கு என்பதை நாம்தான் முடிவு செய்தாக வேண்டும்.

சட்டம் இதில் அதிகம் உதவாது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வாயில் ஓடாமல் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரைத் திரட்டிப் பயன்படுத்தும் உரிமையை நிலத்தின் உடைமையாளருக்கே தருகிறது. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணமும் இல்லை. ஊராட்சியில் அனுமதி வாங்கிவிட்டால், மோட்டாரை எப்போது நிறுத்துவது என்பது முழுக்க நம் மனச்சாட்சியின் பொறுப்பாகிவிடுகிறது.

முதல் வேலை அளப்பது. சித்திரையில் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் சுற்றியுள்ள திறந்தவெளிக் கிணறுகளில் தண்ணீருக்கு மேலே எத்தனை படிகள் தெரிகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்றின் குழாய்க்கு அடியில் 200 லிட்டர் டிரம்மை வைத்து, அது நிரம்பும் நேரத்தைச் செல்பேசியில் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 6,000 லிட்டர். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் 60,000 லிட்டர்.

இப்போது வரவைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,047 லிட்டர். மதுரை வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஏக்கருக்கு 34 லட்சம் லிட்டர் விழுகிறது. நம்முடையது கடும்பாறைப் பகுதி என்பதால், சிதைந்த மேற்பாறையிலும் அதன் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்குவதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 3.4 லட்சம் லிட்டர்தான். மேற்சொன்ன போர் அதை ஆறே நாளில் இறைத்துவிடும். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று பார்த்தால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் வேண்டும். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் திரும்பும் என்பது உண்மைதான். இருந்தாலும் ஓர் ஏக்கர் நெல்லைப் போர்த் தண்ணீரில் மட்டுமே விளைவிப்பவர், பல ஏக்கர்களின் வரவைக் குடிக்கிறார்.

இந்தக் கணக்கைப் போடாமல் நானும் ஒருமுறை போர் போட்டிருக்கிறேன். அடுத்த கோடையில் கீழ்த்தோட்டத்து அம்மா வரப்பில் நின்று, "தம்பி, எங்க கிணத்துல வாளி தரை தட்டுதுப்பா" என்று மட்டும் சொன்னார். அவர் என்மேல் குற்றம் சுமத்தவில்லை. எங்கள் போருக்கும் அவர் கிணற்றுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது, இல்லை என்று சாதிக்கவும் முடியாது. துளையின் மேற்பகுதியில் இறக்கும் கேஸிங் குழாய் இளகிய மண்ணைத்தான் தடுக்கும். அதற்குக் கீழே பாறை வெடிப்பில் இருக்கும் நீர் நம் துளைக்குள் வடிவதை அது தடுக்காது.

ஆகவே இரண்டாவது வேலை, பேச்சில் இடம்பெறாதவர்களின் பட்டியலை எழுதுவது. போர் போட வசதியில்லாத கிணற்றுக்காரர், ஆடுமாடு, முப்பது ஆண்டு கழித்து அதே நிலத்தை உழப்போகிறவர் ஆகியோர் அதில் வர வேண்டும். வருங்காலத் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனுக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று 1987இல் ஐ.நா.வின் பிரண்ட்லண்ட் ஆணையம் வகுத்த வரையறை, வரப்பில் வந்து நிற்கும்போது இந்தப் பட்டியலாகத்தான் மாறுகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். "போர்ப் பணத்தில் மகளைப் படிக்கவைக்கிறேன்; அவளுக்கு இந்தத் தண்ணீரே தேவைப்படாது" என்று ஒருவர் சொல்லலாம். இயற்கைச் செல்வத்தைக் கல்வியாகவும் பணமாகவும் மாற்றிக் கொடுத்தால் போதும் என்ற இந்த வாதத்தைத் தத்துவத்தில் வலுக்குறைந்த நீடிப்புத்தன்மை என்பார்கள். சில செல்வங்களுக்கு மாற்றே இல்லை என்பது அதன் எதிர்க்கட்சி. நான் முதல் வாதத்தை எடுத்தவுடன் தள்ளமாட்டேன். தம் பங்கை மகளின் படிப்பாக மாற்றுவது தகப்பனின் உரிமை. ஆனால் கீழ்த்தோட்டத்துக் கிணறு வற்றுவதால் அந்த வீட்டுப் பிள்ளை படிக்கப்போவதில்லையே! ஆதலால் போர் வருமானத்தின் பலன் எந்த வீட்டுக்குப் போகிறது, இழப்பு எந்த வீட்டில் விழுகிறது என்று பட்டியலில் பெயருக்கு நேரே எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே வீடானால் அது சொந்த முடிவு. வேறுவேறு வீடுகளானால் அவர்களைக் கேட்காமல் துளையிடக்கூடாது.

மூன்றாவதாக, செய்தது தவறானால் திரும்ப முடியுமா என்று பாருங்கள். நல்லதும் கெட்டதுமான இரு கணிப்புகள் முன்னே இருக்கும்போது கெட்ட கணிப்புக்கே அதிகச் செவி கொடுக்க வேண்டும் என்று தத்துவஞானி ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வாதிட்டார். கண்மாயின் வரத்துக்காலில் முள்ளை வெட்டுவது, மடையைப் பழுதுபார்ப்பது, நெல்லை விட்டு உளுந்துக்கோ கம்புக்கோ மாறுவது, மல்லிகைக்குச் சொட்டுநீர் போடுவது ஆகியவை தவறிப்போனாலும் மாற்றிக்கொள்ளக்கூடியவை. ஆதலால் முதலில் அவற்றைச் செய்து ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கடந்து பாருங்கள்.

அதற்குப் பிறகும் போர் வேண்டுமென்றால், அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களோடு நிறுத்தும் விதி ஒன்றை எழுதிக்கொண்டு போடுங்கள். "தேவைக்கேற்ப" என்று எழுதினால் தேவை வளர்ந்துகொண்டே போகும். பொதுவான ஒரு கிணற்றில் இத்தனையாவது படி வெளியே தெரிந்தால், மறுபடி மழை பெய்து அது மூழ்கும் வரை மோட்டார் ஓடாது என்பதுபோல எல்லோர் கண்ணுக்கும் தெரியும் அளவாக இருக்கட்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அது பதினான்காவது படி. ஆண்டுதோறும் தை மாதத்தில் கூடி மாற்ற வேண்டுமா என்று பேசுகிறோம். அந்தப் படியில் முதலில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டோம். தண்ணீரில் கிடந்து இரண்டே ஆண்டில் உரிந்துவிட்டது. உளியால் கொத்திவிடுவதே நல்லது.