கதிர்வீச்சுப் பட்டையை அணுவெடிப்பு எப்படி மாற்றுகிறது: வகுப்பில் விளக்கும் முறை

உயர்வெளி அணுவெடிப்பைப் பதினொன்றாம் வகுப்பில் நடத்தும்போது வெடிப்பிலிருந்து தொடங்க வேண்டாம். பூமியின் காந்தப்புலம் துகள்களை எவ்வாறு சிறைப்பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். மதுரையில் அதற்கு ஒரு வசதி உண்டு. தையல் ஊசியின் நடுவில் நூல் கட்டி, அது சமமாகத் தொங்குவதை உறுதிசெய்த பிறகு, முடிச்சு நகராதபடி காந்தத்தால் ஒரே திசையில் தேய்த்துத் தொங்கவிட்டால், அது வடக்கு தெற்காகத் திரும்பினாலும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே நிற்கும். வட ஐரோப்பாவில் இதே ஊசி ஏறக்குறையச் செங்குத்தாகச் சாயும். ஊசி சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுவரை தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், தெற்கே கிளம்பி வடக்கே இறங்கும் காந்தக் கோடுகளின் வளைவு உச்சி நம் வானத்தில்தான் இருக்கிறது.

அடுத்து எலக்ட்ரானின் மூன்று இயக்கங்களைச் சொல்லுங்கள். அது காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழல்கிறது. கோட்டின் வழியே வடக்கும் தெற்குமாகப் போய்த் திரும்புகிறது. அதோடு, மாசி வீதிகளைச் சுற்றிவரும் தேரைப்போல மெல்லக் கிழக்கு நோக்கிப் பூமியைச் சுற்றுகிறது. போய்த் திரும்புவதற்கு ஊஞ்சலை உவமையாகச் சொல்லலாம். ஆனால் திரும்புமிடத்தில் ஊஞ்சல் நிற்பதுபோல எலக்ட்ரான் நிற்பதில்லை, அதன் இயக்கம் முழுவதும் சுழற்சியாகிவிடுகிறது என்பதை மறக்காமல் திருத்துங்கள். திரும்புமிடம் அடர்ந்த காற்றுக்குள் அமைந்துவிட்டால் துகள் மோதித் தொலைந்துபோகும். மேலே அமைந்தால் நெடுங்காலம் சிக்கியிருக்கும். இப்படிச் சிக்கிய துகள்கள் பூமியைச் சூழ்ந்து நிற்கும் பகுதியே கதிர்வீச்சுப் பட்டை.

வெடிப்பைக் கொண்டுவர வேண்டிய இடம் இதுவே. 1962 ஜூலை 9 அன்று பசிபிக்கின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. அங்கே காற்று மிகமிக அரிது என்பதால் தரையில் நிகழ்வதைப் போன்ற அதிர்வலை எழாது. மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். கெடுதல் பிளவுத் துண்டுகளிலிருந்து, அதாவது குண்டில் அணுக்கரு பிளந்து உண்டாகும் துண்டுகளிலிருந்து வருகிறது. அவை பீட்டா சிதைவுறும்போது, அதாவது எலக்ட்ரானை உமிழ்ந்து வேறு அணுக்கருவாக மாறும்போது, வெளிப்படும் எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளில் சிக்கிக் கிழக்கே நகர்ந்து, சில மணி நேரத்துக்குள் உலகைச் சுற்றிப் புதியதொரு பட்டையாகப் படர்ந்தன. 1958இல் தென் அட்லாண்டிக்கில் அமெரிக்கா நடத்திய ஆர்கஸ் என்னும் உயர்வெளி அணுச் சோதனைகள் இதைச் சிறிய அளவில் முன்பே காட்டியிருந்தன; ஆனால் 1962இல் உருவான பட்டையின் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

டெல்ஸ்டார் செயற்கைக்கோளை இறுதியில் சொல்லுங்கள். அந்த வெடிப்புக்கு மறுநாள் ஏவப்பட்ட அது, கதிர்வீச்சால் டிரான்சிஸ்டர்கள் பழுதாகி, இடையில் ஒருமுறை மீட்கப்பட்டும், 1963 பிப்ரவரியில் நிரந்தரமாக ஓய்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது.