கொழும்பில் ராப் வீடியோ எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இன்றைக்கு ஒரு நல்ல போனும் நாலு கூட்டாளிகளும் இருந்தால் ராப் வீடியோ எடுத்துவிடலாம். எடுத்தும் விடுகிறார்கள். பாட்டு நன்றாக இருக்கும், படமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் பார்த்து முடித்தவரிடம் கதை என்ன என்று கேட்டால், பாட்டு வரிகளைத்தான் திருப்பிச் சொல்வார்.

காரணம், வரிக்கு வரி படம் பிடிப்பது. 'அம்மா' என்றால் ஓர் அம்மா அழுகிறார், 'காசு' என்றால் கையில் ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள். ராப்பில் சொற்கள் ஏற்கெனவே மூச்சுவிடாமல் கொட்டுகின்றன. காதில் விழுந்ததையே கண்ணுக்கும் காட்டினால் பார்ப்பவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பாடுகிறவன் மறைப்பதைப் படம் காட்டட்டும். 'எனக்கென்ன குறை' என்று அவன் மார்தட்டும்போது, காலில் இருக்கும் புதுச் சப்பாத்து கூட்டாளியிடம் இரவல் வாங்கியது என்று நமக்குத் தெரிந்தால் போதும். வரியில் பெருமை, படத்தில் பயம். இரண்டும் உரசும் இடத்தில்தான் கதை பிறக்கிறது.

இதே சப்பாத்தை வைத்து கோரஸையும் யோசியுங்கள். கோரஸ் மூன்று தடவை வரும், சொற்கள் மாறாது. பலர் மூன்று தடவையும் அதே மொட்டைமாடி, அதே ஆட்டத்தை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். அருமையான வாய்ப்பை வீணாக்கும் வேலை இது. முதல் தடவை அவன் சப்பாத்தைத் துடைக்கிறான். இரண்டாவதில் புறக்கோட்டைச் சேற்றில் கால் வைக்கத் தயங்குகிறான். மூன்றாவதில் வெறுங்காலோடு பாடுகிறான். ஒரே வரிக்கு மூன்று அர்த்தம், ஒரு சொல்லும் கூட்டாமல்.

கதையை அளவோடு வையுங்கள். 90 பிபிஎம் பீட்டில், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில், 16 பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு) என்பது ஏறக்குறைய 43 விநாடிதான். அதற்குள் பிறப்பு, பள்ளிக்கூடம், காதல், வெளிநாடு எல்லாம் அடங்காது. ஒரு நாள், ஒரு சிக்கல் போதும்.

அடுத்தது பின்னணியை மங்கலாக்கும் மோகம். முகம் மட்டும் கூர்மை, பின்னால் வெறும் ஒளிப்பொட்டுகள். பார்க்க சினிமா மாதிரித்தான் இருக்கும். ஆனால் கதை பாதி அங்கேதான் நடக்கிறது. 2018 இல் ஹிரோ முராய் இயக்கிய, அமெரிக்க ராப் பாடகர் சைல்டிஷ் காம்பினோவின் 'திஸ் இஸ் அமெரிக்கா' வீடியோவைப் பாருங்கள். முன்னால் அவர் ஆடுகிறார், பின்னால் கலவரம். நம் கண் ஆட்டத்தையே தொடர்வதால் பின்னால் நடப்பதை முதல் தடவை தவறவிடுகிறோம். அந்தத் தவறவிடுதல்தான் வீடியோ சொல்லவந்த விஷயம். அதைப் பார்த்துவிட்டு, அதில் வரும் துப்பாக்கியை மட்டும் இங்கே காப்பியடித்தவர்களும் உண்டு. உங்கள் பொடியன் புறக்கோட்டையில் நின்று பாடினால், பின்னால் சுமை இழுக்கும் நாட்டாமிகள் தெளிவாகத் தெரியட்டும். அவர்களில் ஒருவர் அவனுடைய அப்பாவாக இருந்து, அவன் திரும்பிப் பார்க்காமலே பாடிக்கொண்டிருந்தால்? அதற்கு வசனமே தேவையில்லை.

இடத் தேர்வில் தாமரைக் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 இல் பொதுமக்களுக்குத் திறந்ததிலிருந்து அது எல்லாருடைய முதல் ஷொட்டாகிவிட்டது. காலிமுகத்திடல் சூரியன் மறைவும் அப்படியே. சுற்றுலாப் பயணிக்கு அது அழகு. கதாபாத்திரத்துக்கு அங்கே என்ன வேலை? கோபுரம் வேண்டுமென்றால், அவன் வீட்டுக் கழிப்பறை ஜன்னல் வழியாகத் தெரியட்டும். ட்ரோனுக்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு, பாதுகாப்பு வலயங்கள் உள்ள கோட்டைப் பக்கம் கேட்காமல் பறக்கவிட்டால் கமராவும் போகும், நாளும் போகும். வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் நடந்துகொண்டு பாடுவதும் வேண்டாம். அது குற்றம், அதைவிட உயிராபத்து.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம் அடிக்கடி பிழையாகிறது. ஸ்லோ மோஷனில் வாயசைப்பு வேண்டுமானால், விநாடிக்கு 50 பிரேமில் எடுத்து 25 இல் ஓட்டும்போது, படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்குத்தான் பாடவேண்டும். சாதாரண வேகத்தில் பாடினால் உதடு எங்கோ, சொல் எங்கோ. மற்றது, கடை விளக்குகளின் கீழ் படம் துடிப்பது. இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 பிரேம், 1/50 விநாடி ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதல் எடிட் முடிந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு, தமிழ் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். கொழும்பில் அப்படி ஒருவரைத் தேடவேண்டியதில்லை, பக்கத்து வீட்டுச் சிங்கள அண்ணா போதும். நடுவில் எதையும் விளக்காதீர்கள். 'இவன் யார்?' என்று கேட்டால் தொடக்கம் சரியில்லை. 'ஏன் ஓடுறான்?' என்று கேட்டால் இடையில் ஒரு ஷொட் குறைகிறது. அதை எடுக்க ஒரு பின்னேரம் போதும், வெளியிடும் திகதியை அதற்கு முன்னால் அறிவிக்காமல் இருந்தால்.