மூன்று முறை திரும்பி வந்த கட்டுரை

மழைக்காலம் முடிந்தால் என் ஓ.பி.யில் சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரிசை கட்டும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த புண், ஒரு வாரக் காய்ச்சல், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்ததும் இறங்கிவிடும். இதைத்தான் கட்டுரையாக எழுதினேன். மூன்று மருத்துவ ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின.

மொழிதான் குறை என்று நினைத்தேன். புள்ளியியல் தெரிந்த நண்பர் என் எக்செல் கோப்பைத் திறந்ததும் சிரித்துவிட்டார். காய்ச்சல் நாட்கள் என்ற பத்தியில் '5', 'ஒரு வாரம்', 'ரொம்ப நாளா' எல்லாம் கலந்து கிடந்தன. புண் இல்லை என்று எழுதிய இடங்களில், தேடிப் பார்த்தும் இல்லையா, பார்க்கவே இல்லையா? எனக்கே தெரியவில்லை.

சரி, முதலிலிருந்து. கேள்வியை ஒன்றாகச் சுருக்கினேன்: உடல் முழுக்கத் தேடினால் புண் எத்தனை பேரிடம் தெரிகிறது? நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்கினேன். வேலை முடிந்தபின் கேட்டால் கிடைக்காது, இது பலருக்கும் தாமதமாகத்தான் உறைக்கிறது. அப்புறம் எக்செலில் ஒரு கட்டத்துக்கு ஒரே எண். 'பார்க்கவில்லை' என்பதற்குத் தனிக் குறி. எழுதும்போது, ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முறைகள் பகுதியை முதலில் எழுதினேன். முன்னுரை கடைசியில்தான்.

நான்காவது இதழ் திருத்தங்கள் கேட்டது. நிராகரிக்கவில்லை. அன்று இரவு ரவுண்ட்ஸுக்கு அரை மணி தாமதமாகப் போனேன்.