உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே சோதிப்பது எப்படி? அளவு நாடாவில் தொடங்கி ஆய்வக அறிக்கை வரை

முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் பிறகு. கிணறோ போர்வெல்லோ உள்ள வீட்டில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே எத்தனை அடி?

நான் இருப்பது தாம்பரத்துக்கு மேற்கே, பாதாளச் சாக்கடை இல்லாத ஒரு தெருவில். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எங்கள் உறைகிணற்றுக்குள் வெள்ளம் புகுந்தது. அதன் பிறகுதான் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். நான் தொடங்கும்போது யாராவது வரிசையாகச் சொல்லித் தந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதுண்டு. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நாடாவும் ஒரு தாளும்

வீட்டின் வரைபடத்தைத் தாளில் கையால் போடுங்கள். கிணறு அல்லது போர்வெல், சம்ப், மாடித் தொட்டி, செப்டிக் டேங்க், சாக்கடை, மாட்டுத்தொழுவம் இருந்தால் அது, எல்லாவற்றையும் குறியுங்கள். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கையும் விட்டுவிடாதீர்கள். மண்ணுக்கடியில் மதில் சுவர் கிடையாது.

கிணற்றுக்கும் கழிவுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 அடி இருக்க வேண்டும் என்பது பொது சுகாதாரத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. இப்போது அரை கிரவுண்டு மனையை எண்ணிப்பாருங்கள். 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 50 அடி. ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் செப்டிக் டேங்க் என்று கட்டினால் ஒழிய அந்த இடைவெளி கிடைக்கவே கிடைக்காது. அப்படிக் கட்டினாலும் அடுத்த மனைக்காரரின் தொட்டி நம் கிணற்றை ஒட்டி வந்துவிடும். எங்கள் வீட்டில் நாடா காட்டியது 22 அடி.

இடைவெளி குறைவு என்பதால் மட்டுமே தண்ணீர் கெட்டிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. களிமண் கழிவைத் தாமதப்படுத்தும், மணற்பாங்கான நிலம் விரைவாக விட்டுவிடும். ஆனால் எந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும் என்பதை நாடா சொல்லிவிடுகிறது: கிருமிச் சோதனை.

அப்படியே சம்பின் மூடியையும் பாருங்கள். விளிம்பு தரையோடு தரையாக இருந்தால் மழைநீர் அழுக்கோடு உள்ளே இறங்கும். மூடியில் இடுக்கு இருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டு கட்டாயம் வேண்டும்.

இரண்டாம் படி: கண்ணும் மூக்கும்

நிறமில்லாத கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெள்ளைத்தாளின் மேல் வையுங்கள். பிடித்தபோது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரத்தில் மஞ்சளோ செம்பழுப்போ ஆனால் இரும்பு இருக்கிறது. உறுதி செய்ய ஒரு கொய்யா இலையைக் கசக்கிப் போடுங்கள், தண்ணீர் கருநீலமாக மாறும். டிக்காஷன் மைபோலக் கறுப்பதற்கும் இதுவே காரணம். பருப்பு வேக மறுத்தால், சோப்பு நுரைக்காவிட்டால் கடினத்தன்மை. அழுகிய முட்டை வாடை வந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த அறிகுறிகள் எல்லாம் தொந்தரவு தருபவை, ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானவை அல்ல. ஆபத்தானவற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புளூரைடுக்குச் சுவை கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது தெளிந்த, இனிய தண்ணீரால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் புளூரைடு பாதிப்பைக் குறைக்கத்தான்.

மூன்றாம் படி: டி.டி.எஸ். மீட்டர், கூடவே ஓர் எச்சரிக்கை

மீட்டரைத் தண்ணீரில் விட்டால் ஓர் எண் வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு அது மதிப்பிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 (2012) சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை. அந்த எண்ணில் கிருமி தெரியாது, ஈயம் தெரியாது, பூச்சிமருந்து தெரியாது. 180 காட்டும் கிணற்றில் மலக்கிருமி இருக்கலாம். 900 காட்டும் போர்வெல்லில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். வடிகட்டி விற்க வரும் சிலர் ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவருவார்கள், அதில் இரண்டு உலோகக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவர்களுடைய ஆர்.ஓ. தண்ணீர், அதாவது உப்பை வடிகட்டி நீக்கிய தண்ணீர், ஒரு டம்ளர். சுவிட்சைப் போட்டதும் உங்கள் டம்ளரில் பழுப்பும் கறுப்புமாகக் கசடு கிளம்பி மேலே மிதக்கும். அவர்களுடையது தெளிவாகவே இருக்கும். எங்கள் வரவேற்பறையில் இதைச் செய்துகாட்டியபோது என் மாமியார் முகம் வெளிறிப்போனது. அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததே அல்ல. குச்சிகளில் ஒன்று இரும்பு. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்வதால் அந்த இரும்பே கரைந்து துருவாக வெளிவருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் பாயாது, அதனால் கசடும் இல்லை. அடுத்த முறை யாராவது வந்தால், அவர்கள் டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டி.டி.எஸ். 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யும்படி 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. ஆர்.ஓ. வீணடிக்கும் தண்ணீரின் அளவு அப்படி.

நான்காம் படி: கறுக்கும் புட்டி

எல்லாச் சோதனைகளிலும் எனக்கு முதன்மையானது இது. எச்.டூ.எஸ். புட்டி என்று கேளுங்கள். 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை. சிறு புட்டிக்குள் மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். மலத்தில் வாழும் பாக்டீரியாக்களில் பல ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது காகிதத்திலுள்ள இரும்புச் சேர்மத்தோடு சேர்ந்து கறுப்பாகும்.

கையைச் சோப்பால் கழுவுங்கள். குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள். புட்டியின் வாயையும் மூடியின் உட்புறத்தையும் விரல் தொடக் கூடாது. கோடு வரை நிரப்பி, மூடி, தேதியும் நேரமும் எழுதி, வெயில் படாத வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிடுங்கள். 24 மணி நேரத்தில் ஒரு முறையும் 48 மணி நேரத்தில் ஒரு முறையும் பாருங்கள்.

நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். மாமியாருக்கு நம்பிக்கை இல்லை. “இளநீர் மாதிரி இருக்கிற தண்ணீர், இருபது வருஷமாகக் குடிக்கிறோம்” என்றார். மறுநாள் மதியம் எடுத்துப் பார்த்தபோது, வைக்கும்போது தேன் நிறத்தில் இருந்த தண்ணீர் அடியிலிருந்து கழுத்து வரை மை ஊற்றியதுபோல இருந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்தாலும் வெளிச்சம் ஊடுருவவில்லை. அவர் எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் காலை நான் எழுந்தபோது அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

தண்ணீரில் இயல்பாகவே அழுகிய முட்டை வாடை இருந்தால் புட்டி உடனே கறுக்கக்கூடும். அப்போது இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், நேராக ஆய்வகத்துக்குப் போங்கள். கறுத்த புட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி வைத்திருந்து, கழிப்பறையில் கொட்டிவிட்டுக் கை கழுவுங்கள்.

ஐந்தாம் படி: ஆய்வகம்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிப் பொதுமக்களும் சோதிக்கலாம். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் நிலையமும் உண்டு. வேதியியல் சோதனைக்கு இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு வீட்டுப் புட்டி ஆகாது, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியே வேண்டும். அதில் சற்றுக் காற்றிடம் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

அறிக்கையில் நான் முதலில் தேடும் வரிகள் நான்கு. ஈ.கோலி என்னும் மலக்கிருமி: 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்: லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் தளர்வே இல்லை, இது செப்டிக் டேங்கிலிருந்தும் உரத்திலிருந்தும் வருவது, புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே கெடுத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யும். புளூரைடு: 1 மில்லிகிராம், உச்சபட்சம் 1.5. ஈயம்: 0.01 மில்லிகிராம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் தோல் தொழிற்சாலைகளின் குரோமியத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆறாம் படி: கிருமி இருந்தால்

தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் குடிக்கப் போதும். ஆனால் நைட்ரேட்டோ புளூரைடோ இருந்தால் கொதிக்கவைப்பது உதவாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அவை அடர்த்தியாகவே ஆகும். அங்கே வேறு தண்ணீரோ ஆர்.ஓ.வோதான் வழி.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம். ஒரு மீட்டர் அகல உறைகிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 2360 லிட்டர், அதற்கு 6 கிராம். பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். இரவில் செய்தால் காலையில் பயன்படுத்தலாம். வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துக் கொட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் சோதனைக் கருவியில் பார்த்தால் குளோரின் மீதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஊற்றுங்கள். மூக்கில் ஏறாத பழைய பிளீச்சிங் பவுடரில் சத்து போய்விட்டிருக்கும்.

நாடா கையில் இருக்கும்போதே

சம்பைச் சுத்தம் செய்ய யாரையும் சட்டென்று உள்ளே இறக்காதீர்கள். மூடியே கிடந்த தொட்டியில் பிராணவாயு குறைந்திருக்கும். முதலில் இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் இறந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். மூடியைத் திறந்து காற்றாடவிட்டு, வெளியே நின்றே நீளக் கோல் தூரிகையால் தேய்க்க முடியுமா என்று பாருங்கள். செப்டிக் டேங்குக்குள் மனிதர் இறங்கவே கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது. லாரியை அழைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய ஜன்னல் கம்பிகளையும் கதவுகளையும் பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் உரிந்திருந்தால் உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், நனைத்துச் சுரண்டுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேன் தண்ணீர் வாங்குபவர்கள் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேன் தண்ணீரையும் ஒரு முறை கறுக்கும் புட்டியில் ஊற்றி வைக்கலாம், தடையொன்றும் இல்லை.

சோதனை ஆண்டுக்கு இரண்டு முறை. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் கிருமிக்காக. நிலத்தடி நீர் இறங்கி உப்பு ஏறும் மே மாதத்தில் வேதியியலுக்காக. எங்கள் வீட்டில் அறிக்கைகளை அஞ்சறைப்பெட்டி இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கிறோம். இந்த ஜனவரியில் புட்டியைப் பிடித்துத் தேதி எழுதியது மாமியார்தான்.